வெயில் நாளிலும் ஆற்றில் இறங்கும் கழிவுநீர்: தண்ணீர் நிறுவனத்திடம் எதைக் கேட்பது, யார் மூலம் கேட்பது?

ஆற்றுமணல் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தெற்கே ஒரு சிற்றூரில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுவது சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் ஒரு சிற்றாறு. உலகில் இவ்வகை ஆறுகள் இருநூற்றுச் சொச்சமே உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன.

மூன்று ஆண்டுகளாக, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, ஊர்க்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து ஆற்றுப் பூச்சிகளை எண்ணி வருகிறோம். முழங்கால் அளவு நீரில் நின்று மூன்று நிமிடம் அடிக்கற்களைக் காலால் கிளற வேண்டும். கிளறியது ஓட்டத்தோடு வந்து வலையில் சேரும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டி, எது எத்தனை என்று குறித்துக்கொள்வோம். சென்ற முறை கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மேலே எடுத்த தட்டில் கூனி இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன; ஒருநாள் பூச்சியின் இளம்புழுக்கள் வாலை ஆட்டியபடி தட்டின் ஓரத்தைத் தேடின. நிலையத்தின் குழாய்க்குக் கீழே இருநூறு அடி தள்ளி எடுத்த தட்டில் சிவப்புப் புழுக்களைத் தவிர எதுவும் இல்லை. கற்களின் மேல் சாம்பல் நிறத்தில், நனைந்த பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போன்ற ஒரு பாசி படர்ந்திருந்தது. ஒரு கல்லைத் தூக்கினேன். அது கையில் வழுக்கி விழுந்தது, மலக்குழி வாடை விரலை விட்டுப் போக இரண்டு முறை சோப்பு போட வேண்டியிருந்தது.

என்னை உறுத்துவது இதுதான்: அதற்கு முந்தைய ஒன்பது நாட்களில் ஒரு சொட்டு மழை இல்லை. நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். உரிமத்தில் உள்ளபடியே நிலையம் இயங்குகிறது என்று ஒரு வரியில் விடை வந்தது. மழையே பெய்யாத நாளில் இது எப்படி நடக்கும்? யாரிடம், எதைக் கேட்டால் உண்மையான விடை கிடைக்கும்?

---

வடிகால்

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். கழிவுநீர்க் குழாய் வேலையில் இருபது ஆண்டுகள் இருந்தவன் நான்.

பழைய ஊர்களில் வீட்டுக் கழிவும் தெருவின் மழைநீரும் ஒரே குழாயில்தான் போகும். பெருமழையில் அந்தக் குழாய் கொள்ளாது. அப்படியே விட்டால் கழிவு வீடுகளுக்குள் திரும்பி வரும். அதனால் குழாயில் ஓரிடத்தில், நம் ஏரிகளில் உபரி நீர் வெளியேறக் கலிங்கு கட்டுவது போல, ஆற்றை நோக்கி ஒரு வாய் வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் அப்படி 14,000க்கும் மேற்பட்ட வாய்கள் உள்ளன. அவை இருப்பது குற்றமல்ல. எப்போது திறக்கின்றன என்பதில்தான் சட்டம் நிற்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் பிரிட்டனுக்கு எதிராக அளித்த தீர்ப்பில், விட்பர்ன் என்ற ஊரையும் லண்டனின் பெக்டன், கிராஸ்னெஸ், மாக்டன் நிலையங்களையும் முன்வைத்து, அசாதாரணச் சூழலில் மட்டுமே அந்த வாய்கள் திறக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது.

ஒவ்வொரு நிலையத்தின் உரிமத்திலும் ஓர் எண் எழுதியிருக்கும்: நொடிக்கு இத்தனை லிட்டர் வரை முழுமையாகச் சுத்திகரித்தே ஆக வேண்டும், அதற்கு மேல் வருவதைத்தான் தேக்கி வைத்து, தேக்கமும் நிரம்பினால் வெளியே விடலாம் என்பது அதன் பொருள். பெரும்பாலும் அது வறண்ட நாளில் வரும் அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும். அந்த எண்ணை எட்டாமலேயே ஆற்றில் விட்டால் அது உரிம மீறல். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த எண்ணைப் பற்றியதே.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். சுண்ணாம்பு நிலத்தில் குளிர்காலம் முடிந்த பின்னும் நிலத்தடி நீர் மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். விரிசல் விட்ட குழாய்களுக்குள் அது புகுந்து, மழையில்லாத நாளிலும் நிலையத்தை நிறைத்துவிடும். ஈரத்துடைப்பான்களும் கொழுப்பும் அடைத்திருக்கலாம். நீரேற்றும் இயந்திரம் பழுதாகியிருக்கலாம். யாராவது துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயைத் தவறுதலாக மழைநீர்க் குழாயில் இணைத்திருக்கலாம். சுத்திகரித்ததாகச் சொல்லி விடும் நீரே சரியாகச் சுத்தமாகாமல் வந்தாலும் அந்தச் சாம்பல் பாசி வளரும். காரணம் எதுவானாலும் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வாதம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

---

வவுனிக்குளம்

கலிங்கு என்பதை எங்கள் வன்னியில் "வான்" என்போம். குளம் வான் பாய்கிறது என்றால் ஊரே போய்ப் பார்க்கும். எத்தனை அடிக்குப் பாய்கிறது, எந்த வயலுக்கு ஆபத்து என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே வான் பாய்வது பற்றைக்குள் மறைந்த ஒரு குழாயில். அதனால்தான் இவ்வளவு காலம் ஒருவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது எல்லா வாய்களிலும் உணரிகள் பொருத்தியாகிவிட்டது. 2023ஆம் ஆண்டின் இறுதியில்தான் அந்த வேலை முடிந்தது. 2024இல் இங்கிலாந்தின் ஆறுகளுக்கும் கடலுக்கும் கழிவு வெளியேறிய நேரம் மொத்தம் சுமார் 36 லட்சம் மணி, 4,50,398 தடவைகள். ஒரு வாய் திறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதை வெளியிட வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அந்த உணரி சொல்வது தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் மட்டுமே. எத்தனை லிட்டர் போனது என்று அது சொல்லாது. வாளி நிறையக் கொட்டியதும் வாய்க்கால் நிறையப் பாய்ந்ததும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

---

பொருநைக்கரை

எனக்கு இதில் தொழில்நுட்பத்தை விட உடைமைதான் முக்கியமாகப் படுகிறது. 1989இல் மார்கரெட் தாட்சர் அரசு இங்கிலாந்து, வேல்ஸின் பத்து நீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்றபோது, அவற்றின் சுமார் 500 கோடி பவுண்டு கடனைத் தள்ளுபடி செய்து, கடனில்லாத நிறுவனங்களாகக் கையில் கொடுத்தது. இன்று அவற்றின் கடன் 6,000 கோடி பவுண்டுக்கும் மேல். அதே காலத்தில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை தவறாமல் போயிருக்கிறது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு, ஓர் ஆற்றின் தலைவிதியைப் பங்குச் சந்தையில் முடிவு செய்வது என்பதே ஏற்க முடியாத ஒன்று. அரசுடைமை ஆக்காமல் வேறு எதைப் பேசினாலும் கிளையை வெட்டுவதுதான். வேர் அப்படியே இருக்கும்.

---

ஏட்டுக்கணக்கு

பொருநைக்கரை அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வேல்ஸைப் பாருங்கள். அங்குள்ள தண்ணீர் நிறுவனமான டுவர் கம்ரிக்கு 2001 முதல் பங்குதாரர்களே இல்லை. லாபத்தைத் திரும்ப முதலீடு செய்யும் அமைப்பு அது. அந்த நிறுவனமே டஜன் கணக்கான நிலையங்கள் உரிமத்தை மீறி இயங்கியதை 2023இல் ஒப்புக்கொண்டது. கார்டிகன் ஊரின் நிலையம் பல ஆண்டுகளாக மீறி வந்தது. ஸ்காட்லாந்தில் நீர் அரசின் கையிலேயே இருக்கிறது. ஆனால் இங்கிலாந்து தன் வாய்களை எல்லாம் கண்காணிக்கத் தொடங்கிய பிறகும் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான வாய்களில் உணரியே இல்லாமல் இருந்தது. எண் இல்லாத இடத்தில் குற்றமும் தெரியாது. உடைமை மாறுவதை நான் எதிர்க்கவில்லை. உடைமை மாறிய மறுநாளும் அளவுகோல் கழிவை வெளியேற்றுபவர் கையிலேயே இருந்தால், நாம் இதே இடத்தில்தான் நிற்போம் என்பதே என் கவலை.

2009-10 முதல் இங்கிலாந்தில் தண்ணீர் நிறுவனங்கள் தம் கழிவுநீரின் தரத்தைத் தாமே சோதித்து, தாமே அரசின் சுற்றுச்சூழல் முகமைக்கு அறிக்கை அளித்து வந்தன. அதே காலகட்டத்தில் அந்த முகமையின் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பணிக்கான அரசு மானியம் பாதிக்கும் கீழே போனது. அதன் விளைவை சதர்ன் வாட்டர் வழக்கில் பார்த்தோம். கெண்ட், ஹாம்ப்ஷயர், சசெக்ஸ் பகுதிகளில் 17 இடங்களில், 2010 முதல் 2015 வரை, 6,971 முறை சட்டவிரோதமாகக் கழிவை வெளியேற்றியதற்காக 2021 ஜூலையில் கேன்டர்பரி நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. 51 குற்றச்சாட்டுகளையும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. எல்லா வெளியேற்றங்களின் நேரத்தையும் கூட்டினால் ஏழு ஆண்டுகள் வரும்.

அந்த வழக்கில் என்னை இன்றும் தூங்கவிடாத ஒரு பகுதி உண்டு. விசாரணைக்குப் போன முகமை அதிகாரிகள் ஆவணங்களை எடுப்பதைத் தடுத்ததாக 2019இல் ஐந்து ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மேலே இருந்து வந்த அறிவுரைப்படியே நடந்தோம் என்பது அவர்கள் வாதம். நிலையத்தில் நின்று வேலை பார்த்தவர் நீதிமன்றம் ஏறினார்; இயக்குநர் குழுவில் இருந்த எவரும் ஏறவில்லை. 2025 பிப்ரவரியில் நிறைவேறிய புதிய தண்ணீர்ச் சட்டம், விசாரணையைத் தடுக்கும் உயர் அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. விதிகளை மீறும் நிறுவனங்களின் தலைவர்களுக்கு ஊக்கத்தொகையைத் தடுக்கும் அதிகாரத்தையும், தண்ணீர்க் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்வாட்டுக்குக் கொடுக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் தடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமானால், முதலில் யாராவது கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

---

இரவுப்பணி

நான் செவிலியராக வேலை செய்கிறேன், இந்தச் சட்ட நுணுக்கங்கள் எனக்குத் தெரியாது. என் கேள்வி ஒரு குடும்பத்தலைவியின் கேள்வி. 2025 ஏப்ரலில் சராசரித் தண்ணீர்க் கட்டணம் ஒரே ஆண்டில் 123 பவுண்டு உயர்ந்து 603 ஆனது. 2030 வரை இன்னும் ஏறும் என்று ஆஃப்வாட் சொல்லிவிட்டது. குழாய்களைச் சரிசெய்யத்தான் இந்தப் பணம் என்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாக நாங்கள் கட்டியதும் குழாய்களுக்குத்தானே? இப்போது அபராதம் போட்டால் அதுவும் எங்கள் தலையில் விழாது என்பதற்கு என்ன உறுதி?

---

ஏட்டுக்கணக்கு

சகோதரி, நீங்கள் கேட்டது மையமான கேள்வி. அபராதத்தைக் கட்டணத்தில் ஏற்றக் கூடாது, பங்குதாரர்தான் சுமக்க வேண்டும் என்பது விதி. 2019இல் சதர்ன் வாட்டர் மீது ஆஃப்வாட் எடுத்த நடவடிக்கையின் மதிப்பான 12.6 கோடி பவுண்டில், 12.3 கோடியை வாடிக்கையாளர்களுக்கே கட்டணத் தள்ளுபடியாகத் திருப்பித் தரச் செய்தார்கள். அது நல்ல முன்மாதிரி. ஆனால் 2025 மே மாதம் தேம்ஸ் வாட்டருக்கு விதித்த 12.27 கோடி பவுண்டு அபராதத்தைப் பாருங்கள். அதில் 1.82 கோடி, முறையற்ற ஈவுத்தொகை கொடுத்ததற்காக. நிறுவனம் கடனில் மூழ்கியிருந்ததால் அதையும் தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. கடனில் மூச்சுத் திணறும் நிறுவனத்திடம் அபராதத்துக்குப் பல் இல்லை. பொருநைக்கரை அண்ணாவின் வாதத்துக்கு இந்த இடத்தில் முழு வலு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

யார்க்‌ஷயர்த் தமிழன்

வடக்கிலிருந்து ஓர் அனுபவம். வார்ஃப் ஆற்றங்கரையில் உள்ள இல்க்லி ஊரின் மக்கள் செய்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றில் கழிவு வருகிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வேறு வழியில் போனார்கள்: எங்கள் ஊரில் மக்கள் ஆற்றில் குளிக்கிறார்கள், ஆகவே இதைக் குளிக்கும் நீர்நிலையாக அறிவியுங்கள் என்று அரசிடம் மனுப் போட்டார்கள். 2020 டிசம்பரில் அது ஏற்கப்பட்டது. இங்கிலாந்தில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் ஆற்றுப் பகுதி அதுதான்.

அறிவித்தால் என்ன ஆகும்? கோடை முழுவதும் சுற்றுச்சூழல் முகமையே நீரெடுத்து ஈ.கோலி கிருமிகளையும் குடல் என்டரோகாக்கஸ் கிருமிகளையும் எண்ணி, முடிவை வெளியிட வேண்டும். முடிவு "மோசம்" என்றே வந்தது. ஊருக்கு அது வருத்தம்தான், ஆனால் அந்த எண் நிறுவனத்தின் எண் அல்ல, அரசின் எண். அதைக் காட்டிய பிறகு மழுப்ப முடியவில்லை. மேம்பாட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டி வந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் போர்ட் மெடோ பகுதி மக்களும் இதே வழியில் 2022இல் அறிவிப்பைப் பெற்றார்கள்.

---

வயலும்வாழ்வும்

ஒரு குறுக்கீடு. எல்லாப் பழியையும் கழிவுநீர் மேல் போடுவது சரியல்ல. சுற்றுச்சூழல் முகமையின் கணக்கில் வேளாண்மையும் கிராமப்புற நிலமும் 40 விழுக்காடு நீர்நிலைகளைப் பாதிக்கின்றன. கழிவுநீர் 36 விழுக்காட்டை. வை (Wye) ஆற்றின் படுகையில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் வளர்கின்றன. அவற்றின் எரு வயலில் கொட்டப்பட்டு, பாஸ்பேட்டாக ஆற்றில் இறங்கி, கோடையில் நீரைப் பச்சையாக்குகிறது. தண்ணீர் நிறுவனத்தை மட்டும் திருத்தினால் அந்த ஆறு மீளாது.

---

வடிகால்

உண்மைதான். ஆனால் ஆற்றுமணல் அம்மாவின் ஆற்றில் குழாய்க்கு மேலே கூனி இறால் இருக்கிறது, கீழே இல்லை. மேலேயும் வயல்கள்தான். அதனால் இந்த இழையில் குழாயைப் பற்றிப் பேசுவோம்.

அம்மா, உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தண்ணீர் நிறுவனம் தனியார்தான், ஆனாலும் சுற்றுச்சூழல் தகவல் விதிமுறைகளின்படி அதுவும் பொது அதிகார அமைப்பே என்று ஃபிஷ் லீகல் அமைப்பு தொடுத்த வழக்கில் 2015இல் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே யாரும் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 20 வேலை நாட்களில் விடை தர வேண்டும். கேள்வியை மட்டும் சரியாகக் கேளுங்கள். "ஏன் கழிவு விடுகிறீர்கள்?" என்று கேட்டால் விளம்பரத் துறையின் கடிதம் வரும். நிலையத்தின் நுழைவாயிலில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவான ஓட்ட அளவு, சுத்திகரிப்புக்குச் சென்ற ஓட்ட அளவு, மறுகால் வாயின் (நான் முன்பு சொன்ன, ஆற்றை நோக்கிய உபரி வாய்) தொடக்க, முடிவு நேரங்கள் மூன்றையும், ஓராண்டுக்கு, விரிதாளாகக் கேளுங்கள். படமாகவோ பி.டி.எஃப் ஆகவோ வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. விண்ட்ரஷ் ஆற்றுக்காகப் போராடும் பேராசிரியர் பீட்டர் ஹேமண்ட் செய்து காட்டியது. ஓய்வுபெற்ற கணினி உயிரியல் பேராசிரியரான அவரும், முன்னாள் துப்பறியும் காவலரான ஆஷ்லி ஸ்மித்தும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஹேமண்ட் இந்த ஓட்ட அளவுகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, இரண்டு நிலையங்களில் பதினோரு ஆண்டுகளில் யாரும் பதிவு செய்யாத 926 வெளியேற்றங்கள் நடந்திருக்கக்கூடும் என்று 2021இல் ஆய்விதழில் எழுதினார். கார்டிகன் விவகாரம் வெளிவந்ததும் அவர் பகுப்பாய்வால்தான். அதே 2021 நவம்பரில் சுற்றுச்சூழல் முகமை 2,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் மீது குற்ற விசாரணையைத் தொடங்கியது.

---

கரைவழக்கு

சட்டப் பக்கம் ஒரு குறிப்பு மட்டும். உங்கள் ஆற்றங்கரை நிலம் யாருடையது என்று பாருங்கள். 2024 ஜூலையில், மான்செஸ்டர் கப்பல் கால்வாய் நிறுவனத்துக்கும் தண்ணீர் நிறுவனமான யுனைடெட் யுடிலிட்டிஸுக்கும் இடையிலான வழக்கில், நீர்வழியின் உடைமையாளர் கழிவுநீர் வெளியேற்றத்துக்காக நேரடியாக வழக்குத் தொடுக்கலாம், நிறுவனத்தின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரையில் நிலம் வைத்திருக்கும் ஒரு மீன்பிடிச் சங்கமோ பண்ணையாரோ உங்களோடு நின்றால், நிறுவனத்தின் கடிதங்களின் தொனி மாறும்.

---

பொருநைக்கரை

நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு திருத்தம்: 2025 ஜூலையில், தண்ணீர்த் துறையை ஆராய அரசு அமைத்த ஜான் கன்லிஃப் ஆணையம் 88 பரிந்துரைகளோடு தன் அறிக்கையைத் தந்தது. ஆஃப்வாட்டைக் கலைத்து ஒரே ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கச் சொன்னது. அரசும் ஏற்று, நிறுவனங்கள் தம்மைத் தாமே சோதிக்கும் முறைக்கும் முடிவு கட்டுவதாகச் சொல்லியிருக்கிறது. அரசுடைமை பற்றி ஆராய அந்த ஆணையத்துக்கு அனுமதியே தரப்படவில்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் தம்பி ஏட்டுக்கணக்கு சொன்ன அளவுகோல் பற்றிய வாதம் எனக்குப் புரிகிறது. எந்த உடைமையிலும் அது நம் கையில் இருக்க வேண்டியதுதான்.

---

ஆற்றுமணல் (ஆறு வாரங்களுக்குப் பின்)

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். வடிகால் ஐயா சொன்ன சொற்களையே எழுதிக் கேட்டேன். பத்தொன்பதாம் வேலை நாளில் ஒரு பி.டி.எஃப் வந்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் விரிதாள் வந்தது, முப்பத்தைந்தாயிரம் வரிகள்.

என் மகள் அதை நாள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தாள். எங்கள் நிலையம் நொடிக்கு 38 லிட்டர் வரை முழுமையாகச் சுத்திகரிக்க வேண்டும் என்பது உரிமம். மழையில்லாத அந்த ஒன்பது நாட்களில் நான்கில், சுத்திகரிப்புக்குச் சென்றது 22க்கும் 25க்கும் இடையில்தான் இருந்தது. அதே நேரத்தில் மறுகால் வாய் திறந்திருந்தது. மூன்றாம் நாள் அதிகாலை 4.15க்குத் திறந்து மறுநாள் நண்பகலில்தான் மூடியிருக்கிறது. நான் கல்லைத் தூக்கிய சனிக்கிழமை காலையிலும் அது திறந்திருந்தது. உதவி எண்ணில் பேசியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை; அவர் திரையில் இந்த எண்களே வந்திருக்காது.

அந்த நான்கு நாட்களின் வரிகளையும், எங்கள் பூச்சிக் கணக்கையும், கல்லின் படத்தையும் சேர்த்துச் சுற்றுச்சூழல் முகமைக்கு அனுப்பினோம். நிகழ்வு எண் தந்திருக்கிறார்கள். ஓர் அதிகாரி வரும் வியாழக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறார். கரையில் நிலம் வைத்திருக்கும் மீன்பிடிச் சங்கத்தின் செயலாளரும் எங்களோடு வருகிறார்.

இரவுப்பணி சகோதரி, நீங்கள் பக்கத்து மாவட்டம்தான் என்று தனிச்செய்தியில் சொன்னீர்கள். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாலத்தடியில் நிற்போம். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி மட்டும் கொண்டு வாருங்கள். வலையும் தட்டும் எங்களிடம் இருக்கின்றன.